நாப்பது கழிக்கோணும்

உக்காருங்க சார். அந்த டயர் மேல வேண்டாம், இந்தச் சேர்ல உக்காருங்க. கேபிள் மாட்டியாச்சு. உங்க வண்டி மூளையில இருக்கறதெல்லாம் இப்ப என்ற லேப்டாப்புக்கு எறங்கிட்டிருக்குது. நாப்பது நிமிசம் ஆகும். நாப்பதுன்னு வாயில வந்தாலே எனக்கு வயித்தெரிச்சலுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க.

கேட்டுப்போட்டீங்க. சரி, நீங்களா கேட்டதால சொல்றேன். எங்கூட்டுக்காரி கோவிச்சுட்டு கோபிக்கு, அவங்கப்பன் வீட்டுக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. எல்லாம் ஒரு நாப்பதாலதான். வயசு நாப்பதில்லீங்க, அது எனக்கு ஏற்கெனவே தாண்டியாச்சு. வெறும் நாப்பது. கணக்குல வர்ற நாப்பது.

உங்களுக்கு மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். உங்க எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் பீச்சோணும், எந்தச் சூட்டுல ரேடியேட்டர் ஃபேன் ஓடோணும், அத்தனையும் ஈசியூன்னு ஒரு டப்பாவுக்குள்ள இருக்குது. நம்மள மாதிரி எழுத்துல எழுதி வெக்கல. வெறும் நம்பரு. இருபது லட்சம் நம்பரு, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. தெருப்பேரும் இல்லாம கதவு நம்பரும் இல்லாம ஒரு ஊர் இருந்தா கொரியர்காரன் அழுதுருவானில்லைங்களா? அந்த ஊருக்குத் தெருப்பேரு எழுதறதுதான் டெஃபனிஷன் ஃபைலு. இந்த எடத்துல இருக்கறது டீசலு, இந்த எடத்துல இருக்கறது சூடு, இத எதால பெருக்கோணும், அதுல எதக் கழிக்கோணும்னு எழுதி வெச்சிருக்கும். அது கையில இருந்தாத்தான் என்னையாட்ட ஆளு கட்டங்கட்டமாத் தொறந்து பாத்து உங்க வண்டிக்குப் பிக்கப் ஏத்தித் தர முடியும்.

கார் கம்பெனிக்காரன் அந்த ஃபைலக் குடுப்பானான்னா கேக்கறீங்க? குடுப்பான் குடுப்பான். பொண்ணையும் குடுத்துச் சீரும் குடுப்பான்.

அவன் குடுக்கறதில்லைங்கறதாலதான் ஒரு குரூப் இருக்குது. போலந்துல ஒருத்தன், பிரேசில்ல ஒருத்தன், ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாத்ததில்ல. ஒவ்வொருத்தனும் ஒரு வண்டியப் புடிச்சு உக்காந்து, எந்த நம்பரு எதுன்னு கண்டுபுடிச்சு, ஃபைலாக்கிக் குரூப்புல போடுவான். ஓசிதான். எடுத்துக்கறவன் என்னைக்காவது தானும் ஒண்ணு போடோணும், அதுதான் அங்க மொறை. நானும் பன்னண்டு வருசமா எடுத்துட்டு மட்டும்தான் இருந்தேன். அந்தப் போலந்துக்காரன் ஒருநாளு கேட்டே போட்டான், கோயமுத்தூர்க்காரரே, உங்க பங்கு எப்பங்கன்னு. ரோசம் வந்துருச்சு. வராதுங்களா?

அப்பத்தான் என்ற மாமனார் புது வண்டி எடுத்தாரு. உங்க வண்டியேதான், இதே ஏழு சீட்டு டீசலு. இந்த மாடலுக்கு ஒலகத்துல எவனும் ஃபைல் போடல. சரின்னு, சர்வீஸ் பண்ணித் தர்றேன் மாமான்னு சொல்லி வண்டிய இங்க கொண்டாந்து நிறுத்துனேன். சர்வீசு எட்டு மாசம் நடந்துச்சு.

அவரு பேரு அவிநாசியப்பன். ரிட்டயர்டு தாசில்தாரு. இன்னைக்கும் வீட்டுல யாராவது தண்ணி கேட்டாக்கூட மனு எங்கன்னு பாப்பாரு. அப்படிப்பட்ட மனுசன் எட்டு மாசம் வண்டியில்லாம பஸ்ல போனாருன்னா, அது என்ற வாய்ச் சாமர்த்தியமுங்க. ஸ்பேர் பார்ட்ஸ் கப்பல்ல வருதுன்னு சொல்லி வெச்சேன்.

எட்டு மாசத்துல முந்நூத்திப் பன்னண்டு கட்டம் கண்டுபுடிச்சேன். தனி ஆளா. ஆமா, எங்கூட்டுக்காரி பூங்கோதை கூட உக்காந்திருந்தா, இல்லைங்கல. வண்டி ஓடறப்ப ஸ்கேனர்ல காட்டற நம்பர அவ படிப்பா, நான் லேப்டாப்புல அந்த நம்பரு எங்க மாறுதுன்னு தேடுவேன். தெனமும் சாயங்காலம், ஞாயித்துக்கெழமை முழுநாளு. எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூத்திரெண்டுன்னு அவ பாட்டுக்குப் படிச்சுட்டிருப்பா. அதொரு வேலைங்களா? வாயி இருந்தாப் போதும்.

கண்டுபுடிச்ச கட்டத்துக்குப் பேரு வெக்கோணுமில்ல. அதுல என்ற கைவரிசையக் காட்டுனேன். எஞ்சின் எவ்வளவு இழுக்கறேன்னு நின்னாலும், இவ்வளவுதான், இதுக்கு மேல போகாதேன்னு தடுக்கற கட்டம் ஒண்ணு இருக்குது. அதுக்கு மாமனாருன்னு பேரு வெச்சேன். பொருத்தமாத்தானுங்க இருக்குது? அப்பறம் எதுக்கு இருக்குதுன்னே தெரியாத கட்டம் பதினாலு. மாத்துனாலும் ஒண்ணும் ஆகாது, மாத்தாட்டியும் ஒண்ணும் ஆகாது. அதுக்கு மச்சினன் ஒண்ணு, மச்சினன் ரெண்டுன்னு பதினாலு வரைக்கும் வெச்சேன். பூங்கோதைக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான், கோகுலன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என்ன பண்றான்னு அவங்கப்பனுக்கே தெரியாது. அதனாலதான்.

மேல கொட்ட எழுத்துல, ஆக்கியவர் சென்னியப்பன், கணபதி அஞ்சல், கோயமுத்தூர்னு அடிச்சுக் குரூப்புல ஏத்திவிட்டேன். எனக்கு ஒரு பைசா வேண்டாமுங்க. பேரு நிக்கோணும். அவ்வளவுதான் ஆசை. போலந்துக்காரன் கைதட்டுனான். பிரேசில்காரன், மாமனார்னா என்னங்க, ஜெர்மன் வார்த்தையான்னு கேட்டான். ஒரு வாரம் நான் தரையில நடக்கலீங்க.

இப்ப அந்த நாப்பதுக்கு வர்றேன். இந்த ஈசியூவுல ஒரு கோக்குமாக்கு இருக்குது. மைனஸ் நாப்பது டிகிரி குளுர்ற ஊர்லயும் வண்டி ஓடோணும்ல, ஆனா டப்பாவுக்குள்ள மைனஸ் நம்பர் எழுத மாட்டான். அதுக்காக எல்லாச் சூட்டுக்கும் நாப்பதக் கூட்டியே எழுதி வெச்சிருக்கான். நாம படிக்கறப்ப நாப்பது கழிக்கோணும். என்ற ஃபைல்ல அது கழியல.

தப்புன்னு நெனச்சரக் கூடாது. அது பூட்டுங்க. எவனாவது என்ற பேர எடுத்துட்டுத் தன் பேருல போட்டான்னா மாட்டட்டும்னு வேணும்னே விட்டது.

நம்பர் படிக்க உக்காந்த அன்னைக்குப் பூங்கோதைகூடச் சொன்னா. ஏனுங்க, நான் தொண்ணூறுங்கறப்ப உங்க ஸ்கிரீன்ல நூத்தி முப்பதுங்குது, தொண்ணூத்தஞ்சுங்கறப்ப நூத்தி முப்பத்தஞ்சுங்குது, எப்பப் பாத்தாலும் நாப்பது ஒசத்தியாவே இருக்குதேன்னா. நீ நம்பரப் படி அம்மிணி, அர்த்தத்த நான் பாத்துக்கறேன்னேன். அதுக்கப்பறம் அவ நம்பர மட்டும் படிச்சா.

அந்த ஃபேன் கட்டத்தத் தொறந்தா நூத்தி முப்பத்தெட்டு டிகிரிக்கு ஃபேன் போடுன்னு இருந்துச்சு. அடப் பாவிகளா, அதுக்குள்ள எஞ்சின் வெந்துருமேன்னு, மாமனார் வண்டிதானேங்கற பாசத்துல தொண்ணூத்தஞ்சுன்னு மாத்திக் குடுத்தேன். நாப்பது கழிச்சா அது அம்பத்தஞ்சு. வண்டி சித்தெ சூடானாப் போதும், ஃபேன் கத்த ஆரம்பிச்சுரும். வண்டிய நிறுத்துனாலும் அம்பத்தஞ்சுக்குக் கீழ ஆறற வரைக்கும் ஓடும். வெயில் காலத்துல எங்க ஆறறது?

என்ன சார்? வேணும்னே வெச்ச பூட்டுன்னா சொந்த மாமனார் வண்டியில ஏன் மாட்டுனேங்கறீங்களா? நீங்க பொள்ளாச்சிக் காலேஜுல இங்கிலீஷ் வாத்தியார்னு சொன்னீங்களா, போலீசுன்னு சொன்னீங்களா? டீ ஆறுது, குடிங்க.

அந்தக் கோகுலனுக்கு நிச்சயதார்த்தம் வந்துச்சு. கோபியில, பொண்ணு வீட்டு மண்டபத்துல. மாமனார் சீர்த் தட்டு அம்புட்டையும் அந்த வண்டியில ஏத்திட்டுப் போயி மண்டப வாசல்லயே நிறுத்துனாரு. உள்ள வெத்தலை மாத்தறாங்க, வெளிய ஃபேன் ஹோன்னு கத்துது. மேளத்துக்கு ஈடா மூணு மணி நேரம் கத்தி, பேட்டரி செத்துப் போச்சு. பொண்ணு வீட்டுப் பஸ்ஸு உள்ள மாட்டிக்கிச்சு, இந்த வண்டி நகந்தாத்தான் வழி. பொண்ணோட பெரியப்பனும் சித்தப்பனும் மாமனுங்களும் பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுத் தள்ளுறாங்க. என்ற மாமனார் ஸ்டியரிங்கப் புடிச்சு உக்காந்துட்டு, போதும் போதும், இதுக்கு மேல வேண்டாம்ங்கறாரு. கட்டத்துக்குப் பேரு வெச்சது எவ்வளவு கரெக்டுன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.

மாப்பிள்ளை பையனாச்சே, கம்முனு மாலையோட உக்காந்திருக்க வேண்டீதுதானே? அவன் லேப்டாப்பத் தொறந்துட்டான். குரூப்புல இருந்து என்ற ஃபைல எறக்கி அங்கியே படிச்சான். மாமனார்னு ஒரு கட்டம். மச்சினன் பதினாலு கட்டம். படிச்சவன் மனசுக்குள்ள படிச்சிருக்கலாமில்ல? சத்தமாப் படிச்சான். மண்டபமே கேட்டுச்சு. சூட்டுல நாப்பது கழியலைங்கறதையும் சேத்துச் சொன்னான்.

ரெண்டு நாள்ல என்ற ஃபைலத் திருத்தி அவன் குரூப்புல போட்டான். மாமனார எடுத்துட்டு இங்கிலீஷுல ஏதோ பேரு. மச்சினன் பதினாலுல ஒம்பது எதுக்குன்னு கண்டுபுடிச்சிட்டானாம், அதுக்கும் பேரு. சூட்டுக் கட்டம் எல்லாத்துலயும் நாப்பதக் கழிச்சுட்டான். மேல என்ற பேர அப்படியே விட்டுட்டு, கீழ ஒரு வரி போட்டான் பாருங்க. நாப்பது விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவர் பூங்கோதைன்னு! தன் பேரு போட்டாத் திருடன்னு சொல்லுவேன்னு அக்கா பேரப் போட்டிருக்கான். தந்திரத்தப் பாத்தீங்களா? இன்னைக்கு அய்யாயிரம் பேரு எறக்கிட்டான். அய்யாயிரம் பேருக்கும் என்ற பொண்டாட்டி பேரு தெரியும்.

நான் அவன் ஃபைலத் தொடறதே இல்லீங்க. என்ற ஃபைல்லயும் ஒரு எழுத்தக்கூட மாத்தல. மாத்துனா தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். வண்டி வந்தா என்ற ஃபைலத் தொறப்பேன், மனக்கணக்குல நாப்பதக் கழிச்சுக்குவேன். தொண்ணூத்தஞ்சு வேணும்னா நூத்தி முப்பத்தஞ்சுன்னு அடிப்பேன். ரெண்டு மாசமா அப்படித்தான் ஓடுது, ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்ல. மண்டையில இருக்கறத எவனும் திருத்தி ஏத்த முடியாதுல்ல?

என்ன இருந்தாலும் பேரு நின்னுருச்சுங்க. குரூப்புல இப்ப எவன் எந்த ஃபைல் போட்டாலும் என்ற பேரச் சொல்லாமப் போடறதில்ல. பாருங்க, போன வாரம் பிரேசில்காரன் போட்டது. சென்னி, சென்னின்னு ரெண்டு தடவ இருக்குது. என்ற பேர வெளிநாட்டுக்காரனுக்கு முழுசாச் சொல்ல வராது, சென்னிம்பான். நமக்கு இங்கிலீஷு அரைகொறை. நீங்க படிச்சுச் சொல்லுங்க, காதாரக் கேக்கறேன்.

ஏன் சிரிக்கிறீங்க?

இல்ல, சிரிச்சீங்க. பரவால்ல, சொல்லுங்க.

ஓ. சென்னி இருக்கான்னு பாத்துட்டேன், இந்த ஃபைல்ல சென்னி இல்ல, தைரியமா எடுத்துக்கலாம். அப்படியா போட்டிருக்கான்? அப்ப சென்னின்னா... நாப்பதக் கழிக்க மறந்தா அதுக்குப் பேரு சென்னிங்களா? எல்லாருமா அப்படித்தான் சொல்றாங்க?

நல்லதுங்க. நானும் ரெண்டு மாசமா ஒவ்வொண்ணுக்கும் கையெடுத்துக் கும்புடற பொம்மையப் போட்டுட்டிருந்தேன்.

இருக்கட்டும். இருக்கட்டும். வண்டி மூளை எறங்கிருச்சு, வேலையப் பாப்போம். உங்களுக்குப் பிக்கப்புதான முக்கியம்? இந்தா, மாமனாரக் கொஞ்சம் தளத்தியாச்சு. டீசலும் சித்தெ ஏத்தியாச்சு. நீங்க பாட்டுக்குச் சிரிங்க, நான் ஒண்ணும் நெனைக்கல. அய்யாயிரம் பேரும் சிரிக்கிறான், கூட ஒருத்தர் சிரிச்சா என்னங்க. என்ற பேரு எட்டு மாச உழைப்புங்க. போலந்துல பனியில உக்காந்துட்டு ஒருத்தன் அய்யோ சென்னியாச்சேன்னு தலையில அடிச்சுக்கறான்னா, எனக்கு எப்படி இருக்கும்? ஃபேனையும் சித்தெ எறக்கி வெச்சர்றேன், பொள்ளாச்சி ரோட்டுல வெயிலு ஜாஸ்தி. தொண்ணூத்தஞ்சு. ஆச்சு. ஏத்திவிட்டாச்சு, இனி பத்து நிமிசம்.

என்ன கேட்டீங்க? அவ ஏன் போனாங்கறீங்களா? அதச் சொல்லலியா நானு?

அவங்கப்பனுக்குப் பேரு வெச்சதுக்காகப் போனான்னுதான சார் எவனும் நெனைப்பான்? நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுக்கு அவ சிரிச்சாளுங்க. அப்பாவுக்குச் சரியாத்தான் வெச்சிருக்கீங்கன்னா. மண்டபத்துல இருந்து வந்து, ராத்திரி சாப்பாடெல்லாம் எடுத்து வெச்சுட்டு, லேப்டாப்புல முந்நூத்திப் பன்னண்டு கட்டத்தையும் ஒண்ணுவிடாமப் பாத்தா. பாத்துட்டு, எம்பேரு எங்கங்கன்னு கேட்டா.

நீ என்னடி எஞ்சினா, உன்ற பேர எங்க வெக்கறதுன்னேன். வெளையாட்டாத்தான் சொன்னேன். அவ வெளையாடல.

எட்டு மாசம் வாயி வறள வறளப் படிச்சேன், நாப்பது ஒசத்தியா இருக்குதுன்னு மொத நாளே சொன்னேன், அப்பக் கேக்கல. சரி, இப்பவாச்சும் தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை அந்தக் குரூப்புல போடுங்க, பொட்டியக் கட்டலைங்கறா. எனக்கா வாயி சும்மா இருக்காது. தப்பில்ல அம்மிணி, அது பூட்டுன்னேன். காலையில ஆறரை பஸ்ஸு.

ரெண்டு மாசமாச்சுங்க. அந்தச் சேரு, நீங்க உக்காந்திருக்கறது, அவளுது. நம்பர் படிக்கறப்ப முதுகு வலிக்குதுன்னு அவளே வாங்கியாந்தது. இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க. சும்மா சொன்னேன். ஒரு வார்த்தைங்க. தப்பு. எழுத்துக் கூட்டுனா மூணு எழுத்து. ஆனா அதப் போட்டா, சென்னின்னா என்னன்னு சென்னியே ஒத்துக்கிட்டான்னு ஆயிரும்ல? நம்ம தொழில்ல இருக்கறவன் மொகத்துல எப்படி முழிக்கறது? நீங்களே சொல்லுங்க. சொல்ல வேண்டாம், விடுங்க. ஏறிருச்சு.

வாங்க, சாவிய நானே போடறேன். பாருங்க, இப்ப மிதிச்சா வண்டி எப்படி எகிறுதுன்னு...

என்னதுங்க சத்தம்?

ஏசி போட்டு வெச்சிருந்தீங்களா? போடலியா. வெயில்ல நின்ன வண்டி, அதனால இருக்கும். ஆமா, நெழல்லதான் நிக்குது. ஒரு மணி நேரமா நெழல்லதான் நிக்குது.

இருங்க, ஆஃப் பண்றேன். பண்ணியாச்சு. சாவி என்ற கையிலதான் இருக்குது பாருங்க.

இன்னும் ஓடுதுங்க.

தொண்ணூத்தஞ்சு அடிச்சேன். நீங்க சிரிச்சீங்க, நான் அதையே நெனச்சுட்டு தொண்ணூத்தஞ்சுன்னே அடிச்சுப்போட்டேன். இல்ல, உங்க மேல பழி போடல. பழி போடறேனா? போடறேன். இந்த வாயே இப்படித்தான். சித்தெ நேரம் என்னையப் பேச விடாதீங்க சார்.

போன எடுங்க. என்ற போன்தான், இந்தாங்க. அந்தக் குரூப்பத் தொறங்க. நல்ல இங்கிலீஷுல எழுதுங்க, உங்க காலேஜு பசங்களுக்கு எழுதிப்போடற மாதிரி. அந்த நாப்பது என்ற தப்பு. ஆமா, தப்புன்னே போடுங்க. பூட்டுன்னு ஒண்ணும் வேண்டாம். அப்பறம், அத மொத நாளே சொன்னது பூங்கோதை. தம்பி போட்டதுக்காக இல்ல, நெசமாவே அவதான் சொன்னா. நான்தான் காதுல வாங்கல. எழுதியாச்சுங்களா? கீழ பேரு போடோணும்ல. சென்னியப்பன்னு முழுசா வேண்டாம். சென்னின்னே போடுங்க. பொருத்தமாத்தான் இருக்குது.

அனுப்பிருங்க. நான் பாக்க மாட்டேன்.

அதையே தமிழ்ல அவளுக்கு நானே அடிக்கறேன், குடுங்க. இது நமக்கு வரும். அடிச்சாச்சு. போயிருச்சு. ரெண்டு டிக்கும் வந்துருச்சு.

உங்க வண்டிக்குத் திரும்பக் கேபிள் மாட்டோணும். இந்தத் தடவ மச்சினன் ஃபைல எறக்கிப் போட்டர்றேன். மொதல்ல இருந்து எறக்கோணும், மறுபடி நாப்பது நிமிசம் ஆகும், உக்காருங்க. அந்தச் சேர்லயே உக்காருங்க. ஃபேன் அது பாட்டுக்குக் கத்தட்டும்.

அடிச்சுட்டா, அடிச்சுட்டா! பதில் வந்துருச்சு சார். இந்தாங்க, நீங்க படிங்க. ஒரே வரிங்களா? என்ன போட்டிருக்கா?

இப்ப யாரு வண்டியில மாட்டுனீங்கன்னு கேட்டிருக்காளா?

அதானே, அவளுக்குத் தெரியாம இருக்குமா. இருங்க, இப்பவே பதில் சொல்லிர்றேன், பொய்யில்லாமச் சொல்லிர்றேன். பொள்ளாச்சி இங்கிலீஷ் வாத்தியாரு...

சார், உங்க பேரென்னங்க?